திண்மநிலைச் சேமிப்பகமும் அதன் புறவுறையும்: நம்பகத்தன்மை பற்றிய ஒரு நோக்கு

வெளிக்கள ஆய்வுகளிற் பதிவுசெய்யப்பட்ட ஒலிப்பதிவுகள், ஏட்டுச் சுவடிகளின் ஒளிப்படங்கள், புள்ளிவிபர அட்டவணைகள், எழுதி முடிக்கப்படாத ஆய்வேட்டின் இயல்கள் ஆகிய யாவும் இன்று எண்ணிம வடிவம் பெற்று, உள்ளங்கையுள் அடங்கத்தக்க சிறு கருவியொன்றிற் சேமிக்கப்படுகின்றன. பல்லாண்டு உழைப்பின் பெறுபேறு அக்கருவியின் நம்பகத்தன்மையிலே தங்கியுள்ளது. ஆயினும் அதனைத் தெரிவு செய்யும்போது நாம் கவனிப்பவை பெரும்பாலும் இரண்டே. ஒன்று விலை, மற்றது பெட்டியின்மீது அச்சிடப்பட்டுள்ள வேகம். இவ்விரண்டும் நம்பகத்தன்மை பற்றி நமக்கு உணர்த்துவது மிகச் சிறிதே.

திண்மநிலைச் சேமிப்பகத்தைக் கணினிக்கு வெளியே பயன்படுத்துவதற்கு வேண்டிய யூ.எஸ்.பி. புறவுறையைத் தெரிவு செய்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். கடைகளில் ‘கேசிங்’ என்றும் ‘என்குளோஷர்’ என்றும் வழங்கப்படும் இவ்வுறை வெறும் கூடு என்றே பலராலும் கருதப்படுகின்றது. தரவுகளின் இழப்புக்கும் திடீர்த் துண்டிப்புக்கும் காரணமாக அமைவது பல வேளைகளிற் சேமிப்பகமன்று, அதனை உள்ளடக்கிய உறையே என்பதை இங்கு விளக்க முயல்வோம்.

1. சேமிப்பகத்தின் இயல்பு

காந்தத் தகடு சுழலும் வன்தட்டுக்கு மாறாக, திண்மநிலைச் சேமிப்பகம் அசையும் உறுப்பெதுவும் இல்லாதது. குறைகடத்திக் கலங்களுள் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தித் தரவைப் பேணுவது அதன் முறையாகும். இதற்கு அடிப்படையான பிளாஷ் நினைவகத்தைத் தொசிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோகா 1984 ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்தார். இன்று சேமிப்பகங்களில் வழங்கும் ‘நாண்ட்’ வகை 1987 இல் வெளிப்படுத்தப்பட்டது.

நடைமுறையில் நாம் எதிர்கொள்ளும் சேமிப்பகங்கள் மூவகைப்படும். முதலாவது, இரண்டரை அங்குல அளவினதான சாட்டா வகை. இரண்டாவது, எம்.2 எனப்படும் மெல்லிய பலகை வடிவில் அமைந்த சாட்டா வகை. மூன்றாவது, அதே எம்.2 வடிவில் அமைந்த என்.வி.எம்.இ. வகை. பின்னைய இரண்டும் புறத்தோற்றத்தில் ஒத்திருப்பினும் அவை கணினியுடன் உரையாடும் முறை முற்றிலும் வேறானது. சாட்டா வகையினவற்றின் விளிம்பிற் பொதுவாக இரு வெட்டுக்களும், என்.வி.எம்.இ. வகையினவற்றிற் பொதுவாக ஒரு வெட்டும் காணப்படும். எனினும் இவ்வடையாளம் முழுமையானதன்று. இரு வெட்டுக்களுடைய என்.வி.எம்.இ. பலகைகளும் உள. எனவே பலகையின்மீது ஒட்டப்பட்டுள்ள சீட்டை வாசித்தே வகையை உறுதிசெய்தல் வேண்டும். 2280 என்னும் எண் அப்பலகை 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமும் உடையது என்பதைக் குறிக்கும். 2230, 2242 முதலிய குறுகிய வகைகளும் உள்ளமையால், உறை அந்நீளத்தையும் ஏற்குமா என நோக்குதல் அவசியமாகும்.

2. உறையின் உள்ளடக்கம்

உறையின் புறவடிவம் உலோகமாகவோ பிளாத்திக்காகவோ இருக்கலாம். அதன் உள்ளடக்கமோ ஒரு சிறு மின்சுற்றுப் பலகையும், அதன்மேற் பொருத்தப்பட்ட ஒரு சில்லுமேயாகும். சேமிப்பகம் சாட்டா அல்லது என்.வி.எம்.இ. மொழியிற் பேசுகின்றது, கணினியின் துறையோ யூ.எஸ்.பி. மொழியையே அறியும். இவ்விரண்டுக்குமிடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பது மேற்கூறிய சில்லாகும். இதனைப் பாலச்சில்லு என்போம். மொழிபெயர்ப்பாளர் சிலவற்றைத் திரித்தும் சிலவற்றை விடுத்தும் கூறுவாராயின், இரு தரப்பினரும் எவ்வளவு திறமையுடையவராயினும் உரையாடல் குழப்பத்திலே முடியும்.

பாலச்சில்லுகளை உற்பத்தி செய்யும் நிறுவனங்கள் மிகச் சிலவே. ஏ.எஸ்.மீடியா, ஜேமைக்ரோன், றியல்ரெக், வி.ஐ.ஏ. லாப்ஸ் ஆகிய தாய்வான் நிறுவனங்களே இத்துறையிற் பெரும்பங்கினை வகிக்கின்றன. உறைகளை விற்கும் வணிகப் பெயர்களோ எண்ணிறந்தன. இதன் பொருள் யாது? வெவ்வேறு பெயருடனும் விலையுடனும் அடுக்கப்பட்டிருக்கும் பல உறைகளின் உள்ளே ஒரே சில்லு இருக்கலாம். மறுதலையாக, ஒரே பெயருடைய உறையின் முன்னைய தொகுதியில் ஒரு சில்லும் பின்னைய தொகுதியில் வேறொரு சில்லும் அறிவித்தலின்றி இடம்பெறலாம். வணிகப் பெயர் தரத்தின் சான்றாகாது. உள்ளே உறையும் சில்லே நாம் விசாரிக்க வேண்டிய பொருள்.

ஆயின் ஆயத்தமாகப் பொதிசெய்யப்பட்டு விற்கப்படும் புறச் சேமிப்பகத்தை வாங்கினால் இத்தொல்லை இல்லையே எனச் சிலர் வினவலாம். அவையும் இச்சிக்கலுக்கு விதிவிலக்கல்ல. சான்டிஸ்க் நிறுவனத்தின் எக்ஸ்ட்ரீம் வரிசையைச் சேர்ந்த சில சேமிப்பகங்கள் திடீரெனத் தொடர்பிழப்பதாக 2023 ஆம் ஆண்டிற் பரவலான முறைப்பாடுகள் எழுந்தன. நிறுவனமும் அவற்றுக்கான நிலைபொருள் திருத்தத்தை வெளியிட நேர்ந்தது. தனியாக வாங்கப்பட்ட உறையைத் திறந்து, அது பழுதுற்றவிடத்துச் சேமிப்பகத்தை வெளியே எடுத்து வேறோர் உறையில் இடலாம். முத்திரையிடப்பட்ட கருவியிலோ இவ்வாய்ப்பு அரிது. பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றப்பட்ட சேமிப்பகத்துக்கு மறுவாழ்வு அளிப்பதும் தனியுறையினாலேயே இயல்வதாகும். உள்ளீடு அறிந்து, திறந்து, பழுதுபார்க்கத்தக்க கருவியைப் பயன்படுத்துபவர் அதனை ஆள்கின்றார். ஏனையோர் அக்கருவிக்கு ஆட்பட்டவராகின்றனர்.

3. பெயர்களின் குழப்பம்

யூ.எஸ்.பி. நியமத்தின் முதற்பதிப்பு 1996 இல் வெளிவந்தது. 2000 இல் வெளியான 2.0 பதிப்பு செக்கனுக்கு 480 மெகாபிற் வேகத்தையும், 2008 இல் வெளியான 3.0 பதிப்பு 5 கிகாபிற் வேகத்தையும் அளித்தன. 2013 இல் 3.1 பதிப்பு 10 கிகாபிற் வேகத்தையும், 2017 இல் 3.2 பதிப்பு 20 கிகாபிற் வேகத்தையும் கொணர்ந்தன. 2019 இல் யூ.எஸ்.பி.4 வெளியாகி 40 கிகாபிற் வேகத்துக்கு வழிவகுத்தது.

இவ்வளர்ச்சி தெளிவாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளிவந்தபோது பழைய வேகங்களுக்கும் புதிய பெயர் சூட்டப்பட்டது. 3.0 என முதலில் அறியப்பட்ட அதே 5 கிகாபிற் வேகம் பின்னர் ‘3.1 முதலாந் தலைமுறை’ எனவும், அதன்பின் ‘3.2 முதலாந் தலைமுறை’ எனவும் மறுபெயர் பெற்றது. ஆகவே பெட்டியின்மேல் 3.2 என்று மட்டும் அச்சிட்டிருப்பின், உள்ளே இருப்பது 2008 ஆம் ஆண்டின் வேகமாகவும் இருக்கலாம். பொய் கூறாமலே மயக்கத்தை விளைவிக்கும் வணிக உத்திக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும். நியமத்தை வகுக்கும் அமைப்பே 2022 இல், பதிப்பெண்களை விடுத்து 5, 10, 20, 40 கிகாபிற் என வேகத்தாற் பெயரிடுமாறு பரிந்துரைத்தது. வாங்குபவரும் பதிப்பெண்ணைப் பொருட்படுத்தாது, செக்கனுக்கு எத்தனை கிகாபிற் என்பதையே வினவுதல் வேண்டும்.

இவ்வெண்கள் நடைமுறையில் உணர்த்துவதென்ன? 5 கிகாபிற் இணைப்பிற் குறியீட்டு முறைக்கான செலவு நீங்க எஞ்சுவது செக்கனுக்கு 500 மெகாபைற். கைக்கெட்டுவது ஏறத்தாழ 450. 10 கிகாபிற் இணைப்பில் ஏறத்தாழ 1000 மெகாபைற் கிட்டும். 100 கிகாபைற் அளவினதான ஒலிப்பதிவுத் தொகுதியை முன்னையது நான்கு நிமிடங்களுக்குள்ளும், பின்னையது இரண்டு நிமிடங்களுக்குள்ளும் பெயர்க்கும். பழைய 2.0 துறையிலோ செக்கனுக்கு 40 மெகாபைற் எனக் கொண்டால் நாற்பது நிமிடங்களுக்கு மேற் செல்லும். 2.0 இலிருந்து 5 கிகாபிற்றுக்கு மாறுவது பெரும் பாய்ச்சல். அதற்கு மேற்பட்டவற்றின் பயன் படிப்படியாகக் குறைகின்றது.

சாட்டா வகைச் சேமிப்பகமே செக்கனுக்கு ஏறத்தாழ 550 மெகாபைற்றுக்கு மேற் செல்லாதாகையால், அதற்கு 5 கிகாபிற் உறையே பெரும்பாலும் போதுமானது. என்.வி.எம்.இ. வகைக்கு 10 கிகாபிற் உறை பொருத்தமானது. 20 கிகாபிற் உறைகளை வாங்குமுன் நன்கு சிந்தித்தல் வேண்டும். கணினியின் துறையும் அதே 20 கிகாபிற் முறையை ஏற்காவிடின் இணைப்பு 10 கிகாபிற்றுக்கு இறங்கிவிடும். அத்துறையுடைய கணினிகள் மிகச் சிலவே. 40 கிகாபிற் உறைகள் அசைபடத் தொகுப்பு போன்ற கடும் பணிகளுக்கு உதவுவன. விலையும் வெப்பமும் அவற்றில் மிகுதி.

4. பாலச்சில்லும் அதன் நிலைபொருளும்

என்.வி.எம்.இ. சேமிப்பகங்களுக்கான 10 கிகாபிற் சில்லுகளில் ஜேமைக்ரோனின் ஜே.எம்.எஸ். 583, றியல்ரெக்கின் ஆர்.ரி.எல். 9210, ஏ.எஸ்.மீடியாவின் ஏ.எஸ்.எம். 2362 ஆகிய மூன்றும் பெருவழக்கில் உள்ளவை. ஆர்.ரி.எல். 9210பி என்னும் வேறுபாடு சாட்டா, என்.வி.எம்.இ. ஆகிய இருவகை எம்.2 பலகைகளையும் ஏற்கவல்லது. கையிலுள்ள பலகை எவ்வகை என்பதில் ஐயமுள்ளோருக்கும், இருவகையும் உடையோருக்கும் இது ஏற்றது. 20 கிகாபிற் வேகத்துக்கு ஏ.எஸ்.எம். 2364 உம், 40 கிகாபிற் வேகத்துக்கு ஏ.எஸ்.எம். 2464பிடி உம் பயன்படுகின்றன. சாட்டா வகைக்கு ஜே.எம்.எஸ். 578, ஏ.எஸ்.எம். 1153இ, ஏ.எஸ்.எம். 235சிஎம் முதலியன வழங்குகின்றன.

இவற்றுள் எது சிறந்தது என ஒரு சொல்லில் விடைகூறல் பொருந்தாது. ஒவ்வொரு சில்லும் தன்னுள் ஏற்றப்பட்டுள்ள நிலைபொருளுக்கேற்ப நடந்துகொள்கின்றது. ஒரே சில்லு ஒரு நிலைபொருட் பதிப்பிற் துண்டிப்புக்களை விளைவித்து, திருத்திய பதிப்பிற் செம்மையாக இயங்குவதுண்டு. எனவே, உறையின் விற்பனையாளர் சில்லின் பெயரை வெளிப்படையாகக் கூறுகின்றாரா, நிலைபொருட் திருத்தங்களை வழங்குகின்றாரா என்னும் இரு வினாக்களும் முதன்மை பெறுகின்றன. சில்லின் பெயரை மறைக்கும் விற்பனையாளரிடம் வாங்காதிருத்தலே நன்று.

வாங்கிய பின்னர் சில்லை அறிவதற்கும் வழியுண்டு. ஒவ்வொரு யூ.எஸ்.பி. கருவியும் தன் உற்பத்தியாளரின் எண்ணைக் கணினிக்கு அறிவிக்கின்றது. 152டி எனில் ஜேமைக்ரோன். 174சி எனில் ஏ.எஸ்.மீடியா, 0பிடிஏ எனில் றியல்ரெக், 2109 எனில் வி.ஐ.ஏ. லாப்ஸ். விண்டோஸின் சாதன முகாமையாளரிலும், லினக்ஸின் எல்.எஸ்.யூ.எஸ்.பி. கட்டளையினாலும் இதனைக் காணலாம். உறை விற்கும் நிறுவனம் தன் சொந்த எண்ணை இட்டிருப்பின் இவ்வழி பயன்தராது. அந்நிலையிற் பெட்டியைத் திறந்து சில்லின்மீதுள்ள எழுத்தை வாசித்தலே வழி.

சில்லின் இயல்பை உணர்த்தும் முக்கிய கூறு யூ.ஏ.எஸ். எனப்படும் செலுத்துமுறையாகும். 1999 இல் வகுக்கப்பட்ட பழைய முறையிற் கணினி ஒரு கட்டளையை அனுப்பி, அது முடியும்வரை காத்திருந்த பின்னரே அடுத்ததை அனுப்பும். யூ.ஏ.எஸ். முறையிற் பல கட்டளைகளை ஒருங்கே அனுப்பலாம். சேமிப்பகமும் அவற்றைத் தனக்கேற்ற ஒழுங்கில் நிறைவேற்றும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்களைக் கையாளும்போது இதன் பயன் புலப்படும். விண்டோஸ் 8 முதற்கொண்டு, அதாவது 2012 தொடக்கம், மைக்கிரோசொப்ற் நிறுவனம் இதனைத் தன் முறைமையிலேயே உள்ளடக்கியது. ஆனால் சில சில்லுகள் யூ.ஏ.எஸ். முறையை ஏற்பதாக அறிவித்தபின், வேலைப்பளு மிகுந்தவிடத்துச் செயலிழந்து துண்டிக்கப்படுகின்றன. லினக்ஸ் கருவகத்தின் மூலநிரலில் இத்தகைய குறைபாடுடைய கருவிகளுக்கென ஒரு விதிவிலக்குப் பட்டியலே பேணப்படுகின்றது. இது எவரும் வாசிக்கத்தக்க பொது ஆவணம். பயன்படுத்துவோர் பலர் கண்டறிந்து கூட்டாகத் தொகுத்த இவ்வறிவு எவ்விளம்பரத்தினும் நம்பத்தக்கது. குறிப்பிட்ட உறையொன்று லினக்ஸிற் தொடர்ந்து துண்டிக்கப்படின், யூ.ஏ.எஸ். முறையை நிறுத்திப் பழைய முறைக்கு மீட்கலாம். வேகம் ஓரளவு குறையும்; உறுதி கூடும்.

5. மின்வலு

காரணம் புலப்படாத துண்டிப்புக்கள் பலவற்றின் வேர் மின்வலுப் பற்றாக்குறையே. யூ.எஸ்.பி. 2.0 துறை 5 வோல்ற்று அழுத்தத்தில் 500 மில்லியம்பியரை, அதாவது இரண்டரை வாற்றினை வழங்கும். 3.0 துறை 900 மில்லியம்பியரை, அதாவது நான்கரை வாற்றினை வழங்கும். சி வகைத் துறைகளோ தம்மியல்புக்கேற்ப ஏழரை வாற்று அல்லது 15 வாற்று வரையும் தரவல்லன.

இரண்டரை அங்குலச் சாட்டா சேமிப்பகம் எழுதும்போது வேண்டுவது பெரும்பாலும் 2 முதல் 4 வாற்று. பழைய துறைகளிலும் அது ஒருவாறு இயங்கும். வேகமான என்.வி.எம்.இ. சேமிப்பகமோ உச்ச நிலையில் 7, 8 வாற்று வரை வேண்டலாம். பாலச்சில்லும் தன் பங்காக ஒன்றிரண்டு வாற்றினை நுகரும். இதனைப் பழைய நீள்சதுரத் துறையில் இணைப்பின், சிறு கோப்புக்களை வாசிக்கும்போது குறையெதுவும் தோன்றாது. பெருந்தொகுதியை எழுதத் தொடங்கியதும் அழுத்தம் வீழ்ந்து சேமிப்பகம் மறைந்துவிடும். சேமிப்பகம் பழுது என முடிவுகட்டுவோர் பலர் உண்மையிற் காண்பது இந்நிகழ்ச்சியையே. ராஸ்பெரி பை 4 என்னும் மலிவுக் கணினியிற் துறைகள் நான்குக்கும் சேர்த்து 1.2 அம்பியர் மட்டுமே உண்டு என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இதனின்று பெறப்படும் விதி எளியது. புறச் சேமிப்பிற்கு மிக வேகமான என்.வி.எம்.இ. பலகையைத் தேடிச் செல்லற்க. உறையின் 10 கிகாபிற் எல்லைக்கு மேற்பட்ட வேகம் பயன்படாது போகும். அதற்கான மின்வலுவும் வெப்பமும் மட்டும் எஞ்சும். குறைந்த வலுவை நுகரும் நடுத்தரப் பலகையே உத்தமம். மேசைக் கணினியாயின் முன்புறத் துறையை விடுத்து, தாய்ப்பலகையில் நேரடியாக அமைந்த பின்புறத் துறையிற் செருகுதல் நன்று.

6. வெப்பம்

நுகரப்பட்ட மின்வலு முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும். என்.வி.எம்.இ. சேமிப்பகங்கள் பெரும்பாலும் 70 பாகைக்கும் 85 பாகை செல்சியஸுக்கும் இடைப்பட்ட நிலையில் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அறையின் வெப்பநிலையே 30 பாகையை அண்மித்திருக்கையில், குளிர்நாட்டுச் சோதனைக்கூடங்களிற் பெறப்பட்ட பெறுபேறுகளை அவ்வாறே ஏற்றுக்கொள்ள இயலாது.

ஆகவே உறை அலுமினியத்தாலானதாயிருத்தலும், சேமிப்பகத்துக்கும் உலோகச் சுவருக்குமிடையே வெப்பங் கடத்தும் மென்பட்டை இடப்பட்டிருத்தலும் இன்றியமையாதன. பட்டை இரு பரப்பையும் உண்மையிலே தொடுகின்றதா என மூடுமுன் நோக்குதல் வேண்டும். தொடாவிடின் உலோக உறை வெறும் அலங்காரமே. வெளிப்புறம் கையைச் சுடுவது குறையன்று. வெப்பம் உள்ளிருந்து வெளியேறுகின்றது என்பதற்கு அது சான்று. உள்ளே கடுஞ்சூடும் வெளியே குளிர்ச்சியும் உடைய பிளாத்திக்கு உறையே அஞ்சத்தக்கது.

வேகங் குறைவதெல்லாம் வெப்பத்தின் விளைவு என்றும் கொள்ளலாகாது. சேமிப்பகங்கள் முதலில் வருந் தரவை விரைவான இடைத்தாங்கற் பகுதியொன்றில் எழுதிக்கொள்கின்றன. அது நிரம்பியதும் வேகம் திடீரென வீழும். ஒரு கலத்தில் நான்கு பிற்றுக்களைப் பொதியும் மலிவு வகையில் இவ்வீழ்ச்சி வன்தட்டின் வேகத்துக்குக் கீழேயும் செல்லலாம். சிறிது நேரம் குளிரவிட்டதும் வேகம் மீளுமாயின் வெப்பம் காரணம். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு தரவின்பின் வீழுமாயின் இடைத்தாங்கல் காரணம்.

7. வடம்

சி வகை இணைப்பிகள் புறத்தோற்றத்தில் யாவும் ஒன்றே. ஆயின் தொலைபேசிக்கு மின்னேற்ற வழங்கப்படும் வடங்கள் பெரும்பாலும் 2.0 வேகத்துக்கு மேற் தரவைச் செலுத்தமாட்டா. உறையுடன் வந்த வடம் தொலைந்து, கைக்ககப்பட்டதைச் செருகியதும் வேகம் பத்தில் ஒன்றாகக் குறைவதன் காரணம் இதுவே. 10 கிகாபிற் இணைப்புக்கு ஒரு மீற்றருக்கு மேற்படாத வடமே ஏற்றது. அரை மீற்றராயின் இன்னும் நன்று. உறையின் துளையில் இணைப்பி தளர்வின்றி அமர்தலும் வேண்டும். எழுதும் வேளையிற் கணப்பொழுது தொடர்பற்றாலும் கோப்புமுறைமை சிதையலாம்.

3.0 இணைப்புக்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை வெளியிடுவதாக இன்ரெல் நிறுவனம் 2012 இல் ஆவணமொன்றில் விளக்கியது. உறையை இணைத்ததும் கம்பியில்லாச் சுட்டியோ வலையிணைப்போ தடுமாறின், நன்கு காப்பிடப்பட்ட வடத்தைப் பயன்படுத்துவதும் உறையைச் சற்று விலக்கி வைப்பதும் பரிகாரமாகும்.

8. மொழிபெயர்ப்பில் மறைவன

பாலச்சில்லு விடுத்துவிடக்கூடிய செய்திகள் சில உள. முதலாவது ட்ரிம் கட்டளை. அழிக்கப்பட்ட கோப்புக்களின் இடம் இனித் தேவையில்லை என்பதைக் கணினி சேமிப்பகத்துக்கு இதன்மூலம் அறிவிக்கின்றது. இது கடத்தப்படாவிடிற் காலப்போக்கில் எழுதும் வேகம் குன்றித் தேய்மானமும் மிகும். இரண்டாவது, ஸ்மார்ட் எனப்படும் உடல்நிலை அறிக்கை. வெப்பநிலை, இதுகாறும் எழுதப்பட்ட அளவு, பிழைகள் ஆகியன இதில் அடங்கும். என்.வி.எம்.இ. அறிக்கையை யூ.எஸ்.பி. வழியே கடத்துவதற்கு ஜேமைக்ரோன், ஏ.எஸ்.மீடியா, றியல்ரெக் ஆகிய ஒவ்வொன்றும் தத்தமக்கென வேறு வழியைக் கைக்கொண்டுள்ளன. ஸ்மார்ட்மொன்டூல்ஸ் என்னும் திறந்த மென்பொருள் மூன்றையும் அறியும். நோயாளியின் நாடியைப் பார்க்கவிடாத உறை, ஏனைய வகையிற் சிறந்ததாயினும், முதன்மைப் பிரதிக்கு ஏற்றதன்று.

மூன்றாவது, தரவுப் பகுதியின் அளவு. சில பழைய சாட்டா உறைகள் 512 பைற் பகுதிகளை 4096 பைற் பகுதிகளாக மாற்றிக் கணினிக்குக் காட்டின. அவ்வுறையிற் பிரிவிடப்பட்ட சேமிப்பகத்தைக் கழற்றி வேறோர் உறையில் இட்டால், தரவு முழுமையாக இருந்தும் வெறுமையாகத் தோன்றும். நான்காவது, உறையே செய்யும் மறைகுறியாக்கம். வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனத்தின் மை பாஸ்போர்ட் வரிசைப் புறத்தட்டுக்களின் வன்பொருள் மறைகுறியாக்கத்திற் பல வலுவீனங்கள் இருப்பதை 2015 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பாலச்சில்லிலே மறைகுறியாக்கம் நிகழுமிடத்து, அச்சில்லு பழுதுற்றாற் சேமிப்பகம் நலமாயிருந்தும் தரவை மீட்டல் அரிதாகும். நேர்காணலளித்தோரின் அந்தரங்கத்தைக் காக்கவேண்டிய ஆய்வாளர், வெராகிரிப்ற், லினக்ஸின் லக்ஸ் போன்ற மென்பொருள் வழியையே நாடுதல் தக்கது. அது எவ்வுறையிலும் திறக்கும்.

9. வாங்கிய பின்னர் சோதித்தல்

உறையை நம்பித் தரவை ஒப்படைக்குமுன் அதனைச் சோதனைக்குட்படுத்துதல் வேண்டும். முதலில், இணைப்பு எவ்வேகத்தில் நிகழ்ந்துள்ளது என நோக்குக. பின்னர் எப்3 போன்ற மென்பொருளினாற் சேமிப்பகம் முழுவதையும் எழுதி, மீள வாசித்து ஒப்பிடுக. கொள்ளளவை மிகைப்படுத்திக் காட்டும் போலிச் சேமிப்பகங்களும் இதனால் வெளிப்படும். ஒரு ரெராபைற் சேமிப்பகத்தின் ஆயுள் 600 ரெராபைற் எழுத்து எனக் குறிக்கப்பட்டிருப்பின், இச்சோதனை அதில் அறுநூற்றிலொரு பங்கையே செலவிடும். மூன்றாவதாக, ஒரு மணிநேரம் வாளாவிருக்கவிட்டு மீண்டும் வாசித்துப் பார்க்குக. சில சில்லுகள் துயில்கொண்டபின் எழுவதில்லை. கணினியைத் துயிலவைத்து எழுப்பியும் பார்த்தல் வேண்டும். நான்காவதாக, ட்ரிம், ஸ்மார்ட் ஆகியன இயங்குகின்றனவா எனக் காண்க. இறுதியாக, வேறொரு கணினியிலும் இணைத்து நோக்குக. விற்பனையாளர் மாற்றித் தரும் காலவெல்லைக்குள் இவையனைத்தையும் முடித்தல் அறிவுடைமை.

கோப்புமுறைமை பற்றியும் ஒரு சொல். எக்ஸ்பாற் முறைமை எல்லாக் கணினிகளிலும் திறக்குமாயினும், இடைநடுவே துண்டிக்கப்பட்டால் மீள்வதற்கு வேண்டிய நிகழ்ச்சிப் பதிவு அதில் இல்லை. ஒரே வகைக் கணினியைப் பயன்படுத்துவோர் விண்டோஸுக்கு என்.ரி.எப்.எஸ்., லினக்ஸுக்கு எக்ஸ்ற்4 என்பவற்றைத் தெரிவு செய்தல் நன்று. 2018 இல் வெளியான விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு முதலாக விரைந்தகற்றல் முறை இயல்பாக அமைந்துள்ளது. எனினும் எழுதி முடியுமுன் வடத்தைப் பிடுங்குவோரை அது காக்காது. பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைப் பயன்படுத்தும் வழக்கத்தைக் கைவிடலாகாது.

10. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பொது ஆய்வுப் பணிக்கு ஏற்ற உறையின் இலக்கணம் பின்வருமாறு அமையும்: சில்லின் பெயர் அறிவிக்கப்பட்டது, நிலைபொருட் திருத்தம் கிடைப்பது, 10 கிகாபிற் வேகமுடையது, அலுமினியத்தாலானது, வெப்பப் பட்டையும் குறுகிய வடமும் உடையது, ட்ரிம், ஸ்மார்ட் ஆகியவற்றைக் கடத்துவது, தானாக மறைகுறியாக்கம் செய்யாதது, திருகாணியாற் திறக்கத்தக்கது. பழைய சாட்டா சேமிப்பகமாயின் 5 கிகாபிற் வேகமே அமையும்.

இத்தகைய உறையுங்கூட நிரந்தரக் காப்பகமாகிவிடாது. கலத்திற் சிறைப்பட்ட மின்னேற்றம் காலப்போக்கிற் கசியும். வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்தும். ஜெடெக் அமைப்பின் நியமம், பொதுப் பாவனைச் சேமிப்பகமொன்று தன் எழுத்தாயுளை முழுமையாகச் செலவிட்ட நிலையில், மின்னிணைப்பின்றி 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைப் பேணுதல் வேண்டும் என்றே விதிக்கின்றது. புதிய சேமிப்பகம் இதனினும் நீண்டகாலம் பேணுமாயினும், எம் நாட்டுத் தாழ்நிலங்களின் அலுமாரியுள் ஆண்டுக்கணக்கில் உறங்கவிடத்தக்க பொருள் அதுவன்று. ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் இணைத்து, தரவை முழுமையாக வாசித்துச் சரிபார்த்தல் வேண்டும். நீண்டகாலப் பேணலுக்கு வன்தட்டிலும், வேறோரிடத்திலுமாக மேலும் இரு பிரதிகள் இருத்தல் அவசியம்.

ஒரே பிரதியின் அழிவு எத்தகையது என்பதை நம் சமூகம் நூல்வழியே கற்கவேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் அவற்றுடன் போயின. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிமத் திட்டம் போன்ற முயற்சிகள், பிரதிகளைப் பெருக்கிப் பொதுவுடைமையாக்குவதே அதற்கு மறுமொழி என்பதை உணர்ந்து எழுந்தவை. ஆய்வாளர் தம் மேசையிலுள்ள சிறு உறையைத் தெரிவு செய்வதும் அதே பணியின் ஒரு கூறாகும். தீயிட வேண்டியதில்லை, தரங்குறைந்த ஒரு சில்லும் தளர்ந்த ஒரு வடமுமே போதும். சேமிப்பகத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதியையும் ஒரு நாட் சோதனையையும் உறைக்கு ஒதுக்குதல் எவ்வகையிலும் மிகையாகாது.